தரையோடு ஒரு வாசற்படி

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு நீங்கள் எல்லாரும் வந்திருந்தீர்கள். சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டைச் சுற்றி நாம் ஏழெட்டுக் கிழவிகள் உட்கார்ந்திருந்தபோது உங்களில் ஒருத்தி கேட்டாள்: "உங்கப்பா மேஸ்திரியா இருந்து மொத்தம் எத்தினி வூடு கட்டியிருப்பாருடி?" அல்சூரில் பாதித் தெரு, கோரமங்களாவில் மாடி வீடுகள், ஒரு பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர், ஒரு கல்யாண மண்டபம் என்று ஆளுக்கு ஒன்றாகச் சொன்னீர்கள். எனக்குச் சொல்ல ஒரே ஒரு வீடுதான் இருந்தது. அன்றைக்குச் சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயந்தேன். இப்போது நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

நாம் இருந்த லைன் வீடுகளை உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. உங்கள் பேரப்பிள்ளைகள் யாராவது படிக்கக்கூடும், அவர்களுக்காகச் சொல்கிறேன். அல்சூர் ஏரிக்குக் கிட்டே ஒரு முற்றம், அதைச் சுற்றிப் பத்து வீடு, எல்லாருக்கும் ஒரே குழாய், கடைசியில் இரண்டு கக்கூஸ். ஒவ்வொரு வீடும் ஒரே அறை, அதிலேயே ஒரு மூலையில் அடுப்பு. முற்றத்திலிருந்து வீட்டுக்கு ஏற மூன்று கல் படி. எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், என் தங்கை, அத்தை என்று ஐந்து பேர்.

அத்தை அப்பாவின் கூடப் பிறந்த தங்கை. சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் அவள் இரண்டு கால்களையும் எடுத்துக்கொண்டது. இடுப்புக்கு மேலே நல்ல வலு. இறுகிப்போன ஜாடி மூடியைத் திறக்க லைன் வீட்டுப் பெண்கள் அவளிடம்தான் வருவார்கள். வயது முப்பதைத் தாண்டியிருந்தும் அப்பாவும் அம்மாவும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். அம்மாவைப் பெண் பார்க்கப் போன அன்றே அப்பா, "எந்தங்கச்சி எங்கூடத்தான் இருப்பா, அதுக்குச் சம்மதம்னா காப்பி குடிக்கறேன்" என்று சொல்லிவிட்டு டம்ளரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாராம். காப்பி ஆறி ஆடை கட்டிய பிறகு உள்ளேயிருந்து அம்மா, "சூடு பண்ணி எடுத்தாரட்டுமா?" என்று கேட்டாளாம். அதுதான் சம்மதம்.

அத்தைக்கு அப்பா ஒரு பலகை வண்டி செய்து கொடுத்திருந்தார். பலாப் பலகை, அடியில் லாரி ஒர்க்‌ஷாப்பில் கழித்துப் போட்ட நாலு பேரிங், சக்கரமாக. கையால் தரையைத் தள்ளினால் கடகடவென்று ஓடும். ஆனால் எங்கே ஓடுவது? பத்துக்குப் பத்து அறையில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு. வாசலில் ஒரு சாண் உயரத்துக்கு நிலைப்படி. அதைத் தாண்டினால் அந்த மூன்று கல் படி.

காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் அப்பா அத்தையை முதுகில் சுமந்து படி இறங்கி, முற்றத்தைக் கடந்து, கக்கூஸ் வரை கொண்டுபோய் விடுவார். அம்மா வாளியோடு பின்னால் போவாள். சாயங்காலம் வந்ததும், மேலில் ஒட்டிய சிமெண்டைக் கூடக் கழுவாமல், இன்னொரு தடவை. சுமந்து போகும்போது அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். அது கண்ணாமூச்சி என்று நினைத்துக்கொண்டு நானும் தங்கையும், "அத்தை, உன்னக் கண்டுபுடிச்சிட்டோம்!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடுவோம். முற்றத்தில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அத்தை ஒரு நாளும் எங்களை அதட்டியதில்லை.

நான் நாலாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறை அது. தெருவெல்லாம் மஞ்சள் பூ கொட்டிக் கிடந்த ஏப்ரல் மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டிலிருந்த டிரங்குப் பெட்டி, பாய், பானை எல்லாவற்றையும் தூக்கி முற்றத்தில் வைத்தார். டீச்சர் எனக்குக் கொடுத்திருந்த துண்டு சாக்பீஸ்களை எடுத்துக்கொண்டு தரையில் கோடு போட ஆரம்பித்தார். பிறகு இரண்டு வாளியைக் கொண்டுவந்து எதிரும் புதிருமாக வைத்தார்.

"பாப்பா, வண்டியில ஏறு."

"எதுக்குண்ணா?"

"ஏறு, சொல்றேன். இந்த ரெண்டு வாளிதான் தலவாசல். நடுவுல பூந்து வா."

அத்தை தள்ளிக்கொண்டு வந்தாள். "இடிக்குதுண்ணா."

அப்பா ஒரு வாளியை நாலு விரல் நகர்த்தினார். "இப்ப?"

"வண்டி போவுது. கைதான் இடிக்குது."

இன்னும் நாலு விரல். அப்புறம் டேப்பை வைத்து அளந்து, காதில் செருகியிருந்த பென்சிலால் சுவரில் எழுதிக்கொண்டார். அடுத்து ஒரு வட்டம் போட்டார். அதற்குள் அத்தை வண்டியை ஒரு முழுச் சுற்று திருப்ப வேண்டும். வட்டத்துக்கு வெளியே சக்கரம் போனால் அழித்துவிட்டுப் பெரிய வட்டம். நானும் தங்கையும், "எங்களையும், எங்களையும்" என்று வரிசையில் நின்றோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். உங்களில் இரண்டு பேர் அந்த வரிசையில் இருந்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா?

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏங்க, ஒல வைக்கணும். வூட்ட ரோடாக்கிட்டு என்னா பண்றீங்க?"

"வூடு கட்டப் போறேன்."

"அது தெரிஞ்சதுதான. இந்த வாட்டி யாருக்கு?"

"நமக்கு."

அம்மா கையிலிருந்த அரிசி முறத்தைக் கீழே வைத்தாள். அப்பா அவளையும் விடவில்லை. "நீயும் வந்து நில்லு. முழங்கைய மடக்கு" என்று தரையிலிருந்து முழங்கை வரை அளந்தார். முற்றத்துப் பெண்கள் எல்லாம் எட்டிப் பார்க்க, அம்மாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "ரவிக்கைக்கு அளவெடுக்கறாரா?" என்று ஒருத்தி கேட்டாள். சமையல்கட்டில் நின்றபடி சமைக்க அம்மாவின் உயரத்துக்கு ஒரு மேடை, அதை ஒட்டி உட்கார்ந்தபடி சமைக்க அத்தையின் உயரத்துக்கு இன்னொரு மேடை. ஒரே சமையல்கட்டில் இரண்டு மேடை வைத்த வீட்டை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பொம்மனஹள்ளியில் அப்பா வாங்கிப் போட்டிருந்த துண்டு நிலம் அப்போது கேழ்வரகுக் காட்டு நடுவில் இருந்தது. இப்போது அங்கே தலைக்கு மேலே மேம்பாலமும் பக்கத்திலேயே மெட்ரோவும் போவதைப் பார்க்கிறவர்களுக்கு இது கதை மாதிரி இருக்கும். இரண்டு பஸ் மாறி இறங்கி, புளியமரத்தடியிலிருந்து மண் பாதையில் கால் மணி நேரம் நடக்க வேண்டும். பக்கத்துக் காட்டுக்காரம்மா கன்னடக்காரர். அவர் கிணற்றுத் தண்ணீர்தான் எங்கள் சுவர் முழுக்க. எங்களைப் பார்த்ததும், "பன்னி பன்னி, ஊட்டா ஆய்த்தா?" என்று வரவேற்று, சாப்பிட்டாச்சா என்ற அந்தக் கேள்விக்குப் பதில் வருமுன் ஆளுக்கொரு களி உருண்டையைத் தட்டில் வைப்பார். அவருடைய கீரைச் சாறின் மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

அப்பா அந்தக் கோடை முழுக்க வேறு வேலை ஒப்புக்கொள்ளவில்லை. வாரம் முழுக்கத் தனியாகக் கட்டுவார். ஞாயிற்றுக்கிழமை அவருடைய கூட்டாளிகள் வருவார்கள். அவர்கள் வீட்டுக்கெல்லாம் அப்பா இப்படி ஞாயிற்றுக்கிழமை போய்க் கட்டிக் கொடுத்தவர். எனக்கும் தங்கைக்கும் சுவருக்குத் தண்ணீர் விடுகிற வேலை. காய்ந்த செங்கல் சுவரில் தண்ணீர் பட்டதும் 'ஸ்ஸ்' என்று உறிஞ்சும், ஒரு வாசனை எழும்பும். நான் சுவருக்கு விட்டதைவிடத் தங்கை மேல் விட்டதுதான் அதிகம். அப்பா கண்டுகொள்ள மாட்டார். "செவுருக்கும் ஊத்துங்கம்மா, அதுவும் நம்ம வூட்டுப் புள்ளதான்" என்பார்.

வீட்டுக்குப் படி கிடையாது. வாசலில் அகலமான ஒரு சரிவு, அவ்வளவுதான். அறைக்கு அறை தரை ஒரே மட்டம். கக்கூஸும் குளிக்கிற இடமும் வீட்டுக்குள்ளேயே.

முதலில் மாட்டேன் என்றவர் நிலை செய்ய வந்த தச்சர் பாய். அப்பா கீழ்க் கட்டை இல்லாமல் நிலை கேட்டார்.

"அரே மேஸ்திரி, நிலைன்னா நாலு கட்டை. மூணு கட்டை வச்சா அது நிலை இல்ல, கோல் போஸ்ட்டு!"

"கோல் போஸ்ட்டாவே இருக்கட்டும் பாய். எந்தங்கச்சி கோல் போடுவா."

பாய் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். ஆனாலும் இழைப்புளியை எடுக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார்.

மாமா அம்மாவின் அண்ணன். ஒரு பெரிய ஃபேக்டரியில் சூப்பர்வைசர். இஸ்திரி கலையாத சட்டை, வெயிலுக்குக் குடை. எங்கள் சொந்தத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லாத காலம் அது. பாதி எழும்பிய சுவர்களுக்கு நடுவே மெல்ல நடந்து பார்த்தார்.

"கக்கூசு வூட்டுக்குள்ளயா மாப்ள?"

"ஆமா மச்சான். கதவு இருக்கு, ஜன்னல் இருக்கு."

"சரி. வாசப்படி எங்க?"

"படி வைக்கல."

மாமா குடையை மடக்கினார். "படி இல்லன்னா எந்தங்கச்சி வெள்ளிக்கெழம எதுல மஞ்சப் பூசுவா? எங்க பொட்டு வைப்பா? படி இல்லாதது வூடு இல்ல மாப்ள, கொட்டா. நாளைக்கு இந்த வூட்ல ஒரு நல்லது கெட்டது ஆச்சின்னா ஊரு எந்தங்கச்சியத்தான் சொல்லும்."

"படி வச்சா எந்தங்கச்சி எப்டி மச்சான் உள்ள வருவா?"

"தூக்கிட்டு வா. இவ்ளோ நாளா தூக்கலியா?"

மாமா அம்மாவைப் பார்த்து, "படி வைக்கற அன்னிக்குச் சொல்லியனுப்பு. இல்லன்னா கிரகப்பிரவேசத்துக்கு என்ன எதிர்பாக்காத" என்று சொல்லிவிட்டுப் புளியமரத்தைப் பார்க்க நடந்துவிட்டார்.

ரொம்ப நாள் நான் மாமாவை வெறுத்தேன். இப்போது என் வயதில் திரும்பிப் பார்த்தால், இரண்டு ஆண்களும் அன்றைக்கு ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று தெரிகிறது. எந்தங்கச்சி, எந்தங்கச்சி. ஆளுக்கு ஒரு தங்கை, அவ்வளவுதான் சண்டை.

அம்மா அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அறையோ பத்துக்குப் பத்து. அப்பா ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருப்பார். "உங்கப்பாவச் சாப்ட வரச் சொல்லு" என்று என்னிடம் சொல்வாள். "வந்துட்டேன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு" என்பார் அப்பா. எனக்கும் தங்கைக்கும் தபால்காரர் வேலை பிடித்திருந்தது. அத்தைக்குத்தான் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், "அண்ணா, படிய வச்சிடு. நான் எங்கனா ஆசிரமத்துல இருந்துக்கறேன்" என்றாள். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டு வெளியே போய்விட்டார். அப்படி அவர் எழுந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அதே வாரம் ஒரு மத்தியானம். நல்ல வெயில். அம்மா மண்ணெண்ணெய் வாங்க ரேஷன் கடை வரிசையில் நிற்கப் போயிருந்தாள். நான் வாசலில் வந்த வண்டியில் தர்பூசணிக் கீற்று வாங்கி வந்தேன். அத்தை பகலில் தண்ணீர் குடிக்கவே மாட்டாள். 'அத்தைக்குத் தண்ணி ஆகாது' என்பதுதான் வீட்டில் எங்களுக்குத் தெரிந்த விஷயம். "பழம்தான அத்த, ஒரு துண்டு" என்று நான் கெஞ்சினேன். அவள் மாட்டேன் என்றதும் நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சாப்பிட்டாள். ஒன்றல்ல, மூன்று கீற்று. சாறு முழங்கை வரை வழிய, கொட்டையைத் தூ தூ என்று யார் தூரமாகத் துப்புகிறார்கள் என்று எங்களோடு போட்டி போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் பேச்சு குறைந்தது. "உங்கம்மா வர்றாங்களா பாரு" என்றாள். பார்த்தேன், வரவில்லை. மறுபடி, "பாரு" என்றாள். மூன்றாவது தடவை அவள் சொன்னபோது வானம் இருட்டி, கோடையின் மாங்காய் மழை ஆலங்கட்டியும் தண்ணீருமாகக் கொட்ட ஆரம்பித்தது. அத்தை வண்டியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையை ஊன்றி நிலைப்படியைத் தாண்டினாள். உட்கார்ந்தபடியே முதல் படி இறங்கினாள். இரண்டாவதும் இறங்கினாள். மூன்றாவதில் கை வழுக்கி முற்றத்துச் சேற்றில் விழுந்தாள்.

நானும் தங்கையும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். அசையவில்லை. மழைக்கு எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. நான் அழ ஆரம்பித்த நேரத்தில் அம்மா மண்ணெண்ணெய் டின்னோடு ஓடி வந்தாள். டின்னைப் போட்டாள். முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து, "கழுத்தப் புடிச்சிக்க பாப்பா" என்றாள்.

"வேணாம் அண்ணி... சேல நனஞ்சிடுச்சி அண்ணி..."

அது மழையால் நனைந்தது அல்ல என்று அம்மாவுக்குப் புரிந்தது. எனக்குப் புரியப் பல வருஷம் ஆயிற்று.

"மழையில யாருக்குத்தான் நனையல? புடி."

அம்மா அத்தையைவிடச் சின்ன உருவம். தூக்கிக்கொண்டு போய்க் கழுவிவிட்டு, திரும்பவும் தூக்கி வந்தாள். இரண்டாவது படியில் நின்றுவிட்டாள். சுவரில் சாய்ந்துகொண்டாள். எப்படியோ உள்ளே வந்து இறக்கிவிட்டு அவளும் தரையிலேயே உட்கார்ந்தாள். இரண்டு பேர் தலையிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"உங்கண்ணன் தெனம் ரெண்டு வாட்டி இதப் பண்றாரா? பத்து வருசத்துல ஒரு வார்த்த சொன்னதில்லியே, பாவி மனுசன்" என்றாள் அம்மா. முந்தானையைப் பிழிந்துகொண்டே கேட்டாள்: "பகல்ல உனக்குத் தாகமே எடுக்காதா பாப்பா?"

"எடுக்கும் அண்ணி" என்றாள் அத்தை.

அம்மா அத்தையின் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். ரொம்ப நேரம் துவட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பொம்மனஹள்ளிக்கு அம்மாதான் முன்னால் நடந்தாள். நேராகப் போய், நிலை வைக்காமல் திறந்து கிடந்த வாசலில் குந்தி உட்கார்ந்து கையால் அளந்தாள். பாய், கூட்டாளிகள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"ஏங்க."

எட்டு நாளைக்குப் பிறகு நேராக வந்த முதல் வார்த்தை. அப்பா சாரத்திலிருந்து கிட்டத்தட்டக் குதித்தார்.

"நாலாவது கட்ட வேணாம். ஒரு நல்ல கருங்கல்லு கொண்டாந்து தரையோட தரையா பதிச்சிடுங்க. படி இருக்கணும், அவ்ளோதான. எவ்ளோ ஒசரம் இருக்கணும்னு எந்த சாமியும் சொல்லல. நான் குனிஞ்சி மஞ்சப் பூசிக்கறேன்."

அப்பா கரணையைக் கீழே வைத்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "இத்தினி வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன், எனக்குத் தோணலியே" என்றார்.

"அரே, இனிமே அக்காதான் மேஸ்திரி" என்ற பாய் அப்போதுதான் இழைப்புளியைக் கையில் எடுத்தார்.

அதற்குப் பிறகு நாள் ஓடியதே தெரியவில்லை. கூரைக்கு மங்களூர் ஓடு ஏறியது. கடைசியாகச் சிவப்பு ஆக்ஸைடு தரை. அப்பா அதை யாரிடமும் கொடுக்கவில்லை. மண்டியிட்டு, பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து, அறை அறையாகத் தேய்த்துக்கொண்டே வாசலுக்கு வந்து சேர்ந்தார். தரை ஈரத்தில் கண்ணாடி போல் மின்னியது. மூன்று நாள் யாரும் கால் வைக்கக் கூடாது என்று வாசலில் செங்கல் அடுக்கினார். முதல் நாளே காட்டுக்காரம்மாவின் கோழி ஒன்று ஜன்னல் வழியாக இறங்கி, ஆர அமர நடுக்கூடத்தைக் கடந்து போயிற்று. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்பா எல்லாக் காலடியையும் தேய்த்து மறைத்துவிட்டு, ஒன்றை மட்டும் விட்டுவைத்தார். "மொதல்ல குடி வந்தது அதுதான், இருக்கட்டும்" என்றார்.

மாமாவை அழைக்க அம்மா மட்டும் தாம்பூலத் தட்டோடு போய் வந்தாள். என்ன பேசினாள் என்று கடைசி வரை சொல்லவில்லை. "வருவாரா?" என்று அப்பா கேட்டதற்கு, "அவரு இஷ்டம்" என்றாள்.

கிரகப்பிரவேசத்தன்று விடிந்தும் மாமாவைக் காணோம். மாவிலை கட்டி, தரையோடு பதித்த கல்லுக்கு அம்மா மஞ்சள் பூசி, வரிசையாகக் குங்குமப் பொட்டு வைத்திருந்தாள். அத்தை சரிவுக்குக் கீழே ஒரு ஓரமாக வண்டியில் இருந்தாள். எல்லாரும் போன பிறகு போகலாம் என்று நினைத்திருப்பாள். காட்டுக்காரம்மா தன் பசுவைக் கழுவி, கொம்பில் பூச்சுற்றி ஓட்டி வந்தார். புது வீட்டுக்குள் மாட்டை ஏற்றுவது எவ்வளவு பாடு என்று அப்பாவுக்குத் தெரியும். படியைப் பார்த்ததும் மாடு முரண்டு பிடிக்கும், நாலு பேர் பின்னால் தள்ள வேண்டும். அதற்காகவே கூட்டாளிகளில் பலசாலிகளாகப் பார்த்து இரண்டு பேரை நிறுத்தியிருந்தார்.

பசு சரிவைப் பார்த்தது. தன் கொட்டகைக்குப் போவது போல மெதுவாக ஏறியது. மஞ்சள் கல்லைத் தாண்டி உள்ளே போயிற்று. கூடத்தைக் கடந்து நேராகச் சமையல்கட்டுக்குள் நுழைந்து, அங்கே அழகாக ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி, பூஜைக்கு வைத்திருந்த வாழைப்பழச் சீப்பை வாயில் கவ்விக்கொண்டு வெளியே வந்தது. தள்ளுவதற்கு நின்ற இரண்டு பலசாலிகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏன் மேஸ்த்ரி, நம்ம ஹசுவுக்கு கட்டுன மனெயா இது?" என்று காட்டுக்காரம்மா கன்னடமும் தமிழுமாகக் கேட்க, கூட்டம் முழுக்கச் சிரித்தது. எல்லாருக்கும் மேலாக ஒரு சிரிப்பு பின்னாலிருந்து கேட்டது. திரும்பினால் மாமா. ஒரு கையில் பித்தளைக் குத்துவிளக்கு, மறு கையில் சீர்ப்புடவை, கக்கத்தில் குடை.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, விளக்கை ஓரமாக வைத்து, வாசலில் குனிந்து கல்லைப் பார்த்தார். விரலால் தொட்டுப் பார்த்தார். விரலில் மஞ்சள் ஒட்டியது.

"மஞ்சப் பூசியிருக்கியே."

"பூசியிருக்கேண்ணா."

"அப்ப படி இருக்கு" என்றார் மாமா. பிறகு அத்தையைத் திரும்பிப் பார்த்தார். "இன்னும் என்னாம்மா யோசன? மாடே போயி பழம் சாப்ட்டுட்டு வந்துடுச்சி. நீ ஏறு. நான் தள்ளட்டா?"

"வேணாங்க. நானே போறேன்."

அத்தை இரண்டு கையையும் ஊன்றினாள். ஒரு தள்ளு, இரண்டு தள்ளு. நடுச் சரிவில் வண்டி கொஞ்சம் தயங்கியது. எல்லாரும் வண்டியையே பார்த்தோம். அப்பா மட்டும் பார்க்கவில்லை. சுவரில் இல்லாத பிசிறு ஒன்றை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது தள்ளில் வண்டி கல்லைத் தாண்டிவிட்டது. இத்தனை வருஷம் கடகடவென்று சத்தம் போட்ட சக்கரங்கள் அந்தச் சிவப்புத் தரையில் ஒரே சீராக வழுக்கிக்கொண்டு ஓடின. அத்தை கூடத்தைச் சுற்றினாள், அறையைச் சுற்றினாள், சமையல்கட்டைச் சுற்றினாள். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். "பாப்பா, பால் பொங்குது, வா!" என்று அம்மா கத்திய பிறகுதான் நின்றாள்.

அப்பா அதன் பிறகு நாற்பது வருஷம் கட்டினார். யார் வீட்டு வேலை ஒப்புக்கொண்டாலும், "வூட்ல நடக்க முடியாதவங்க யாருனா இருக்காங்களா?" என்று முதலில் கேட்பார். என் கல்யாணம், தங்கை கல்யாணம், எங்கள் பிரசவங்கள் எல்லாம் அந்த வீட்டில்தான். அத்தை கையால் சுற்றும் தையல் மெஷின் வைத்துப் பொம்மனஹள்ளிக்கே ரவிக்கை தைத்தாள். பேரிங் உரசி உரசி அந்தச் சிவப்புத் தரையில் அடுப்படிக்கும் வாசலுக்கும் இடையே வெள்ளைக் கோடு விழுந்தது. தரை வீணாகிறதே என்று யாராவது சொன்னால், "எந்தங்கச்சி போட்ட ரோடு" என்பார் அப்பா. அத்தை அவருக்கு ஆறு வருஷம் முன்னால் போய்ச் சேர்ந்தாள். வீடும் இப்போது இல்லை. அந்த இடத்தில் லிஃப்ட் வைத்த கட்டடம் நிற்கிறது. அந்தக் கோழிக் காலடியை எங்கே கொட்டினார்களோ.

எனக்குப் பிடித்தது குடி போன மூன்றாம் நாள் காலை. அத்தையைக் காணவில்லை.

"பாப்பா எங்கடி?" என்று அம்மா கேட்டாள். கூடத்தில் இல்லை, சமையல்கட்டில் இல்லை, குளிக்கிற இடத்தில் இல்லை, பின்பக்கம் இல்லை. முப்பது வருஷத்தில் அவளை யாரும் தேடியதே இல்லை. வைத்த இடத்தில் இருப்பாள். அதனால் எப்படித் தேடுவது என்றே எங்களுக்குத் தெரியவில்லை. அம்மா டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் எல்லாம் பார்த்தாள். ஷேவ் பண்ணிக்கொண்டிருந்த அப்பா பாதி முகத்தில் சோப்பு நுரையோடு வெளியே ஓடி வந்தார். காட்டுக்காரம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "ரோடு கடெ ஹோதரு" என்று ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

ஈரச் செம்மண் பாதையில் இரண்டு சக்கரக் கோடுகள் நேராகப் போயின. அவற்றுக்கு இரண்டு பக்கமும் உள்ளங்கைத் தடங்கள். அப்பா முன்னால் ஓட, நாங்கள் பின்னால் ஓடினோம். புளியமரம் தெரிந்ததும் அப்பா சட்டென்று நின்று எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டார்.

ஓசூர் ரோட்டு ஓரத்தில், டீக்கடைக்கு முன்னால், அத்தை வண்டியில் உட்கார்ந்திருந்தாள். கையில் டீ கிளாஸ். லாரிகளையும் பஸ்களையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்த யாருக்கோ கையாட்டினாள். முகத்தில் முந்தானை இல்லை.

அம்மா மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். "இருக்கட்டும், இன்னிக்கு அவள..." என்று ஆரம்பித்தவளை அப்பா கையமர்த்தினார். பாதையோரம் அடுக்கியிருந்த கல் மேல் உட்கார்ந்தார். நுரை காய்ந்த முகத்தோடு சத்தமில்லாமல் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

"காணாமப் போயிருக்காடி, எந்தங்கச்சி! யாருகிட்டயும் சொல்லாம, அவ பாட்டுக்குக் காணாமப் போயிருக்கா!"

நாங்களும் அவர் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்தோம். அத்தை அவசரப்படவில்லை. ஒரு வாய், ஒரு லாரி, ஒரு வாய், ஒரு பஸ் என்று குடித்து முடித்தாள். கிளாஸைக் கொடுத்துவிட்டு வண்டியைத் திருப்பியபோதுதான் கல் மேல் உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்தாள்.

"என்னாண்ணா, எல்லாரும் இங்க வந்துட்டீங்க?"

"சும்மாத்தான் பாப்பா. காத்து வாங்க வந்தோம்."

"மொகத்துல பாதி தாடிய வச்சிக்கினா?" என்று அத்தை சிரித்தாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது அவள்தான் முன்னால் போனாள். பாதை மேடு. உள்ளங்கை சிவந்து, மூச்சு வாங்கி, நின்று நின்று தள்ளினாள். அம்மா இரண்டு தடவை அப்பாவைப் பார்த்தாள். அப்பா இரண்டு கையையும் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டு, அத்தை நின்றபோது நின்று, அவள் நகர்ந்தபோது நகர்ந்து, நாலடி பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்.